மழை விடாத ஊரும் டெமோ அண்ணனும்

வாடிக்கையாளரைத் திட்டியே கடை நடத்தியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், மரக்காணம் டெமோ அண்ணனுக்குக் கீழேதான் மற்ற எல்லோரும் வருவார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். "உக்காரு, ஒரு டெமோ ஆடிட்டுப் போ" என்பார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவரும் தப்ப முடியாது, ஜாதகம் பிரிண்ட் எடுக்க வந்தவரும் தப்ப முடியாது.

அவர் சிபாரிசு செய்ததெல்லாம் ஒரே வகை. நாமே ஒரு ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, முடிவெடுத்து, அடிபட்டு, மெல்ல மெல்லத் தேறுகிற ஆட்டம். ரோல் பிளேயிங் கேம் என்பார். அதிலும் பெரிய கம்பெனி செய்தது கூடாது. எங்கோ ஒரு மனிதர் வேலை முடிந்து வந்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்ததாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்றும் இருக்காது. ஹீரோ தீப்பெட்டி மாதிரி இருப்பான். எது குதிரை, எது நாய் என்று அண்ணன் சொன்னால்தான் தெரியும்.

"அண்ணே, சுடற கேம் இருக்குதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"ஏம்பா, உங்க வீட்ல யாராவது மிலிட்டரியா?"

"இல்லியே."

"அப்புறம் எதுக்குச் சுடற? ஒருத்தன் ஒண்டியா உக்காந்து ஒரு ஊரையே கட்டி வச்சிருக்கான். எட்டிப் பாக்க நாதியில்ல. உனுக்குச் சுடணுமா? வெளிய போ!"

போய்விடுவார்கள். எங்கே? சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த சென்டருக்கு. அங்கே எட்டு கம்ப்யூட்டரிலும் பகலெல்லாம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரை எதற்குச் சுடுகிறோம் என்று ஒருத்தனுக்காவது தெரியுமா? அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2005 மழைக்காலத்தில் அண்ணனுடைய மனைவி ஒரு கெடு வைத்தார். "பொங்கலுக்குள்ள ஒரே ஒரு ஆளு இதுல ஒரு கேமை முழுசா முடிச்சிட்டா நான் வாயே தொறக்கல. இல்லேன்னா மரியாதையா துப்பாக்கி கேம் போடுங்க."

அந்த ஒரே ஒரு ஆள் நான்தான் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உப்பளத்தில் வேலை பார்த்தவன் நான். மழைக்காலத்தில் உப்புப் பாத்தியெல்லாம் குளமாகிவிடும், வேலை இருக்காது. இங்கிலீஷ் தெரியாதே என்றேன். "நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார்.

பின்னால் நின்றுகொண்டு எல்லோருக்கும் அவரே குரல் கொடுத்தார். கிழவிக்குக் கிழவிக் குரல், ராஜாவுக்கு ராஜா குரல்.

"இவன் இன்னா சொல்றான்னா, 'எங்கப்பன் வாளைத் திருடிட்டானுங்க, மீட்டுக் குடு'ங்கறான். இன்னா சொல்ற?"

"நமக்கு எதுக்குண்ணே வம்பு? போலீஸ்ல சொல்லச் சொல்லு."

"டேய், நீ வீரன்டா!"

"வீரன்னா? அடிபட்டா யாருண்ணே பாக்கறது?"

பயந்து பயந்து பாதி ஆட்டம் வந்துவிட்டேன். ஒருநாள் அண்ணன் பிரிண்டருக்கு மை வாங்கத் திண்டிவனம் போனார். அந்த நேரம் பார்த்து ஆட்டத்தில் மழை பிடித்தது. கோடையில் கால் மணி நேரம் பெய்தால் போதும், பத்து நாள் விளைந்த உப்பு கண்ணெதிரே கரைந்து ஓடும். உப்பளத்துக்காரனுக்கு மழை ஆகவே ஆகாது. ஹீரோவைச் சத்திரத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து அண்ணன் வந்தார். "எங்கடா இருக்க?"

"சத்திரத்துலதாண்ணே. மழை விடலியே."

"அது விடாதுடா! அந்த ஊர்ல எப்பவும் மழைதான். அப்படித்தான் செஞ்சிருக்கான். வெளிய போ!"

"எப்பவும் மழைன்னா அந்த ஊர்க்காரன் எப்படிண்ணே பொழைப்பான்?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஆட்டத்தைச் செய்த மனிதருக்கே ஆவேசமாக ஒரு மெயில் தட்டினார். எங்கள் ஊர் ஆள் மூன்று மணி நேரமாகச் சத்திரத்தில் காத்திருக்கிறான், இது அடுக்குமா என்று.

பதில் வருகிறவரை நான் ஹீரோவை வெளியே விடவில்லை. "நீங்களே நகத்திடுங்கண்ணே" என்றதற்குக் குதித்தார். "அவன் நீதான்டா. உன் காலை நான் எப்படித் தூக்கி வைக்கறது?"

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இப்படி ஒருத்தர் காத்திருப்பார் என்று அவர் நினைக்கவே இல்லையாம். ஆட்டத்தைத் திருத்திவிட்டாராம், இனி காத்திருந்தால் மழை விடுமாம். அந்தக் கடிதத்தை அண்ணன் பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டினார். மரக்காணத்து ஆளுக்காக ஒருத்தர் மழையையே நிறுத்தியிருக்கிறார்; நின்று படித்தவர் ஒருத்தர் இல்லை!

திருத்திய ஆட்டத்தை இறக்குவதற்குள் போன் லைன் பத்து முறை அறுந்தது. வந்து சேர்ந்தபோது பொங்கலுக்கு இரண்டு நாள். ஹீரோவை அந்த ஊரிலிருந்து கிளப்பி, ஆற்றைத் தாண்டி, கடைசி மலையடிவாரத்துக்கு வந்துவிட்டேன். வாசலில் உப்பள மேஸ்திரி.

"டேய், மழை விட்டு நாலு நாளாச்சு. பாத்தியை மிதிச்சுக் கெட்டியாக்க ஆளில்ல. இப்ப வர்றியா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா?"

அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். "போடா, பொழைப்பைப் பாரு" என்றார். முதல் தடவையாகத் திட்டாமல் பேசினார். பயந்த பயல், எழுந்து ஓடினேன். நாற்காலியில் போட்டிருந்த துண்டைக்கூட எடுக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் அண்ணன் கடையிலும் சுடுகிற டப்டப் சத்தம் கேட்டது. வெட்கத்தில் அதன்பின் சாலையின் மறுபக்கமே நடந்தேன். அடுத்த மழைக்காலம் வந்துதான் உள்ளே போகத் துணிந்தேன். மூன்று கம்ப்யூட்டரில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாவதில் யாரும் இல்லை. பஸ்ஸில் இடம் போடுவதுபோல் நாற்காலியில் என் துண்டு கிடந்தது, துவைத்து மடித்து.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அறிவுகெட்டவனே, அங்க மழை விட்டு ஒன்பது மாசமாச்சுடா. உக்காரு."