முறைக்கு ஒரு கீபோர்டு

தச்சநல்லூர், திருநெல்வேலி.
வைகாசி, ஞாயிறு மாலை.

மும்பையில் இரும்புச் சாமான் கடை நடத்தும் என் தாய்மாமா பலவேசம் அவர்களின் பார்வைக்கு, அக்கா மகன் செல்வமணி மரியாதையுடன் எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே அத்தையின் சர்க்கரையைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. எப்படியும் கேட்பீர்கள் என்பதால் முன்னாலேயே சொல்லிவிட்டேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

நீங்கள் அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்தது. உள்ளே சரிகை வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, இரண்டு பக்கக் கடிதம் ஒன்று. மதுமதிக்கு மகாராஜன் என்ற பெங்களூர் சாப்ட்வேர் மாப்பிள்ளை அமைந்திருப்பதாகவும், முறைப்பையன் நான் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதால் நம் குடும்ப வழக்கப்படி வேட்டி துண்டு வைத்துக் கேட்பதாகவும், சம்மதம் என்று நான் கைப்பட எழுதிய தாள் வந்த பிறகுதான் ஆனி மாத நிச்சயதாம்பூலத்தில் தட்டு மாற்றுவீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கைப்பட எழுத மாட்டேன். என் கையெழுத்து எனக்கே ஒரு வாரம் கழித்துப் புரிவதில்லை. லேப்டாப்பில் அடிக்கிறேன். அதன் ஸ்பேஸ் பட்டன் மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் கேட்கிறது. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மதுமதியை வெளியில் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கச்சி மாதிரி என்று சொன்னால் முறை தப்புகிறது என்று அம்மா வாயிலேயே அடிப்பாள், ஆகவே சிநேகிதி மாதிரி. நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் தெருவே கூடிவிடும். பெண்ணைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மாப்பிள்ளை மோதிரம் வேண்டாம், வாட்ச் வேண்டாம், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பியில்லாத சின்னத் தட்டச்சுப் பலகை ஒன்று போதுமாம். என்ன குணம், என்ன அடக்கம்! நீ மிஷின் படித்தவன், வண்ணார்பேட்டையில் நல்லதாகப் பார்த்து வாங்கிவை. மாப்பிள்ளை கொடுத்த குறிப்பு உள்ளே இருக்கிறது." குறிப்பைப் பிரித்தேன். அம்பு விசைகள் இருக்க வேண்டும், எண் விசைகள் வேண்டாம். லேப்டாப், போன், டேப்லெட் மூன்றுக்கும் ஒரே பட்டனில் மாற வேண்டும். பயணப் பையின் முன் அறைக்குள் நுழைய வேண்டும். அடிக்கிற சத்தத்துக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் புனே போய்த் திரும்பும்வரை தாங்க வேண்டும். கிரீஸ் கை பட்டால் துடைத்தவுடன் போக வேண்டும்.

மாமா, இது என் பட்டியல். ஒவ்வொரு வரியும் என் வரி. இரண்டு வருஷம் முன்னால் மும்பைக் கடைகளில் விசாரித்துச் சொல் என்று மதுமதிக்கு நான் அனுப்பியது. அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறந்துபோனாள். அது இப்போது மாப்பிள்ளை பெயரில் என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் கையில் கிரீஸ் எங்கிருந்து வரும்? பரீட்சையில் காப்பியடிக்கிறவன் பக்கத்துப் பையனின் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுவது போல அதையும் எழுதியிருக்கிறான். கங்கைகொண்டான் ஆலையில் பேனல் அறைக்கும் மிஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டே புரோகிராம் அடிக்கிறவன் நான். மாதம் இரண்டு தடவை புனேக்குப் போகிறவன் நான். நாற்பத்தொரு மாடல்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டு வைத்திருக்கிறவனும் நான்தான். ஒன்றில் அம்பு விசை இல்லை, ஒன்றில் பேட்டரி நிற்காது, ஒன்று செங்கல் கனம் என்று கழித்துக் கழித்து இரண்டு வருஷம் போய்விட்டது. ஒப்பிட்டது நான், அடக்கமான பையன் என்று பெயர் வாங்கியது அவன். உங்கள் கடிதத்தில் "தங்கமான" என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. நாலும் அவனுக்கு. எனக்கு "மிஷின் படித்தவன்".

இருந்தாலும் வேலை என்றால் வேலை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பத்தமடையில் அவன் வீட்டுக்கே போனேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வாரமாம். ஏறி இறங்கும் மேசை, கழுத்தைத் தாங்கும் நாற்காலி, வில் மாதிரி வளைந்த திரை, லேப்டாப்புக்கு அடியில் விரிக்கப் பட்டுப்பாயில் ஒரு துண்டு. எனக்கு ஆலையில் லேப்டாப் வைக்க ஒரு எண்ணெய் டிரம் இருக்கிறது. "வாங்கண்ணே, வாங்க" என்று எழுந்து நின்றான். முறைப்படி அவன் எனக்குத் தம்பியாம், போகிற வழியிலேயே அம்மா போனில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். கீபோர்டில் முக்கியமானது ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் இருக்கும் ஸ்பிரிங் சுவிட்ச். உங்கள் கடைச் சரக்கை வைத்தே சொல்கிறேன்: சிவப்பு என்பது எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், வழுக்கிக்கொண்டு போகும். பழுப்பு என்பது பாதி வழியில் லேசாகத் தட்டுப்படும் தாழ்ப்பாள். நீலம் என்பது போட்டால் தெருவுக்கே கேட்கும் தாழ்ப்பாள். அவனிடம் கேட்டேன்.

"செவப்பா, பழுப்பா, நீலமா? எது வேணும்?"

"ஒங்களுக்கு எதுண்ணே பிடிக்கும்?"

"எனக்கு என்னத்துக்கு? அடிக்கப்போறது நீருல்லா?"

"இல்லண்ணே, சும்மா சொல்லுங்க."

"பழுப்பு."

"அப்ப பழுப்பே இருக்கட்டும்ணே" என்று போனில் குறித்துக்கொண்டான். நிறம் என்ன என்றேன். "ஒங்களுக்கு எந்த நெறம்ணே பிடிக்கும்?" சாம்பல் என்றேன். அதையும் குறித்துக்கொண்டான். ஆளுக்கென்று ஒரு ருசி கிடையாது மாமா, என் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான். சரி, நீர் எப்படி அடிக்கிறீர் என்று பார்ப்போம், நாலு வரி அடியும் என்றேன். அடித்தான். இரண்டு விரல்! வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, கோழி கொத்துகிற மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு இந்த லேப்டாப்புல உள்ளதே போதும்ணே" என்று வேறு சிரிக்கிறான். போதும் என்கிறவனுக்குத்தான் ஊரே அள்ளிக் கொடுக்கிறது. அவன் அம்மா கொடுத்த காபி நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வண்ணார்பேட்டையில் சுடலைமணி அண்ணாச்சி கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. நாற்பத்தொரு மாடல்களில் கடைசியாக மிஞ்சியது. சாம்பல் நிறம், பழுப்பு சுவிட்ச், அம்பு விசைகள் நாலும் ஓரத்தில் அடக்கமாக. ஒரு கையில் எடுத்தேன், ஒரு கையிலேயே இருந்தது. அண்ணாச்சி போனோடு இணைத்துக் கொடுத்தார். பைய அமுக்கிப் பார்த்தேன். பத்து விரலும் போய் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டன. அண்ணாச்சிக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஒத்தப் பீஸுதான் இருக்கு. தம்பி, ஒங்களுக்கா?" என்றார். மாமா மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளைக்கு என்றேன். "மாப்பிள்ள குடுத்துவச்சவரு!" என்றார்.

அந்த ஒரு சொல்தான் மாமா. அதற்கு மேல் நடந்தது எல்லாவற்றுக்கும் அண்ணாச்சிதான் பொறுப்பு.

"அண்ணாச்சி, இத உள்ள வைங்க. இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கா?"

"எதிரான்னா?"

"பெருசா, கனமா, சத்தமா."

அவர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசியோடு ஒரு பெட்டியை இறக்கினார். நீல சுவிட்ச். எண் விசைகள் எல்லாம் சேர்த்து ஒரு முழ நீளம். "ரெண்டு வருசமாக் கெடக்கு தம்பி, ஒருத்தனும் தொடல. ஆனா பதினாறு விதமா லைட்டு எரியும். அம்மன் கோயில் கொடைக்கு சீரியல் செட்டு லைட்டே வேண்டாம்." பின்னால் இரண்டு மீட்டர் வயர் தொங்கியது. "இதுல வயரு இருக்கே, எங்க மாமா வயர்லெஸ்ஸுல்லா கேட்டிருக்காரு?" என்றேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "கழட்டிட்டா வயர்லெஸ்தான?" என்றார். கழற்றினால் அது வேலை செய்யாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாங்கிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது, ஆகவே நேராகவே எழுதுகிறேன்: வேண்டுமென்றே வாங்கினேன்.

வாங்கியது போதுமான அளவுக்கு மோசமாக இருக்கிறதா என்று சோதிக்காமல் கொடுப்பது தொழில் தர்மம் இல்லை. இன்று காலை அம்மாவோடு திருச்செந்தூர் போகும்போது ரயிலிலேயே பெட்டியின் சீலை உடைத்து லேப்டாப்பில் சொருகி மடியில் வைத்து அடித்துப் பார்த்தேன். எண் விசைகள் இருக்கிற வலது பக்கம் பக்கத்து ஆள் மடியில் ஏறிவிட்டது. அவர் கடலை உரித்த கையோடு ஒரு ஏழும் ஒரு மூன்றும் அடித்துவிட்டார். எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாள், "ஏ தம்பி, டைப்பா அடிக்கிய? அவல் இடிக்கியன்னுல்லா நெனச்சேன்" என்றார். நாசரேத்துக்குப் போகிற வயதான சார் ஒருவர், "நான் முப்பது வருசம் டைப்ரைட்டிங் சொல்லிக்குடுத்தவன் தம்பி. இருபது மிஷின் ஒண்ணா ஓடும். இந்தச் சத்தம் கேட்டதில்ல" என்று எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். ஆழ்வார்திருநகரி வருவதற்குள் எங்களைச் சுற்றி நாலு இடம் காலி. எதிர் சீட்டு அம்மாள் என் அம்மாவிடம், "யாரு, ஒங்க மகனா?" என்று கேட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இல்ல, செய்துங்கநல்லூர்ல ஏறுனாரு" என்றாள். சோதனை முழு வெற்றி.

ஆகவே மாமா, முறை என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள், முறையாகவே முடிப்போம். என்னிடம் வேட்டி எட்டு இருக்கிறது. ஒன்பதாவது வேட்டி மூன்று கருவிகளோடு இணையாது. வேட்டியையும் துண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு முறை செய்வதாக இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைச் செய்யுங்கள். நீளமானது, தங்கமான மாப்பிள்ளைக்கு. இரண்டு விரலுக்கு அது தாராளம். ஒப்புக்கொண்டால் சம்மதம். இல்லையென்றால் ஆனி மாதம் தட்டு கையிலேயே இருக்கும். மதுமதி விஷயத்தில் வருத்தம் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். என் பட்டியலை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தாளே, அந்த வருத்தம் மட்டும் இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம், காலையில் நடக்கச் சொல்லுங்கள். மதுமதியை நன்றாக இருக்கச் சொல்லுங்கள். அதைக் கோபம் ஆறிய பிறகு இன்னும் அன்பாகச் சொல்வேன். கடையில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நிபந்தனையுடன்,
செல்வமணி

பின்குறிப்பு: இது கைப்பட. திங்கள் காலை. கடிதத்தை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வருவதற்குள் அம்மா எல்லாத் தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். "இத்தன பக்கத்துக்குச் சம்மதம் எழுதியிருக்கியே, நல்லா இருப்ப" என்றாள். அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அப்போதுதான் மதுமதியின் போன் வந்தது.

"அத்தான், வாங்கியாச்சா? பிடிச்சிருக்கா?"

"யாருக்குப் பிடிக்கணும்?"

"ஒனக்குத்தான். கூறு இருக்கா ஒனக்கு? முறைக்கு ஒனக்குக் கீபோர்டு எடுங்கன்னு அப்பாட்ட ஆறு மாசமாச் சொல்லுதேன், வேட்டி துண்டத் தவிர வேற எடுக்கக் கூடாதுங்காரு. மாப்பிள்ள கேட்டா மறுபேச்சு இல்ல, அதான் அவரக் கேக்கச் சொன்னேன். கல்யாணத்தன்னைக்கு மேடையில வச்சு அவரு கையால ஒனக்குக் குடுக்கணும்னு பேசி வச்சிருக்கோம். கிரீஸ்னு இருந்துச்சே, அப்பவே தெரியலையா? எங்கல்யாணத்துக்கு ஒஞ்சம்மதம் எதுக்குன்னு அப்பாட்ட அது வேற ஒரு சண்ட போட்டாச்சு. சரி சொல்லு, பிடிச்சிருக்கா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னேன். ரொம்பப் பிடிச்சிருக்கு என்றேன். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள். அந்தச் சத்தியத்தை மேலே ஆறு வரிகளில் உடைத்திருக்கிறேன். நீங்கள் படிக்காதவர் போல இருக்க வேண்டும்.

அண்ணாச்சி கடை திறக்கும்போதே வாசலில் போய் நின்றேன். கண்ணாடிப் பெட்டி காலி. சனிக்கிழமையே போய்விட்டதாம். "நீங்கதான வேண்டாம்னுட்டிய?" என்றார் அண்ணாச்சி. நீளமானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடைந்த சீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், மஞ்சள் தடவிய காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்று அம்மா வாசலில் குறுக்கே நிற்கிறாள். ஆகவே இப்படியே வருகிறது. மேலே அச்சில் இருப்பது எதையும் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். தம்பி மகாராஜன் தங்கமான பையன். நீங்கள் நாலு தடவை எழுதியதை ஐந்தாவது தடவையாக நான் எழுதுகிறேன்.

சம்மதம். நிபந்தனை இல்லை.

மேடையில் அந்த நீளப் பெட்டியை என் கையில் கொடுக்கும்போது தம்பியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள், கனம் அதிகம். மதுமதி பெட்டியைத் திறந்து போட்டோ எடுக்கச் சொல்வாள், எனக்கு அவளைத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இரண்டு மீட்டர் வயரைச் செருகிக்கொள்ள எனக்கு இடுப்பில் ஒரு மடிப்பு வேண்டும். ஆகவே வேட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.