வளைகாப்புக்குத் தயார் செய்த குரல்

'என்னம்மா வேணும்' என்று ஆரம்பித்து, நான் வாயைத் திறந்ததும் 'சரிங்க சார்' என்று முடித்தவர்கள் ஆம்பூரில் ஏராளம். (மருந்துக்கடைக்காரர் மட்டும் நடுவில் தடுமாறி 'சார்ம்மா' என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.)

நான் திருநங்கை. மாத்திரைகள் என் தோலையும் முகத்தையும் மெல்ல மாற்றின. குரலைத் தொடவே இல்லை. உடைந்த குரலை மாத்திரை திருப்பித் தராது, பழக்கித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். எங்கே, யாரிடம் பழகுவது என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதைக் கேட்பதற்கும் அந்தக் குரலில்தானே கேட்க வேண்டும்.

அப்போதுதான் சோளிங்கரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை வனிதா போன் செய்தாள்.

"அக்கா, வளைகாப்பு வெச்சிருக்காங்க. நீ கண்டிப்பா வரணும்."

அவள் கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்போது வீட்டில் என் பெயரையே யாரும் எடுப்பதில்லை. அம்மா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

"உன் மாமியாருக்கு என்னைப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அக்கா ஒருத்தி இருக்கான்னு சொல்லியிருக்கேன். மத்தது இன்னும் சொல்லல. நீ வா, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய புகுந்த வீட்டு மரியாதை முழுவதும் என் தொண்டையில் தொங்குகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே போனில் வீடியோ பார்த்துப் பயிற்சியைத் தொடங்கினேன்.

நான் புரிந்துகொண்ட பாடம் ஒன்றே ஒன்று: குரலை உயர்த்து. உயர்த்தினேன். குளிக்கும்போது, சமைக்கும்போது, வேலைக்கு நடந்து போகும்போதெல்லாம் உயர்த்தினேன். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை எனக்கு. பக்கத்திலேயே தையல் மிஷின்கள் ஓடும். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அங்கேயும் விடவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த ஷபானாவுக்குக் கேட்டது. "இன்னாடி, பூனை ஏதாவது மிஷின்ல மாட்டிக்கிச்சா?" என்று குனிந்து பார்த்தாள்.

தொண்டை எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்தேன். கரகரப்பு வந்தபோது ஓயாமல் செருமினேன். குரல் கம்மியபோது, தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி எல்லோரிடமும் கிசுகிசுத்தேன். (சூப்பர்வைசர் நான் ஏதோ ரகசியம் சொல்ல வருகிறேன் என்று தினமும் காதைக் கொண்டுவந்து ஏமாந்தார்.) தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. புதினா மிட்டாய் டப்பா டப்பாவாகத் தின்றேன்.

வளைகாப்பு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம் அத்தை" என்றேன். காற்றுதான் வந்தது. பெண் குரல் இல்லை, பழைய குரலும் இல்லை.

ஆனாலும் போனேன். மரூன் நிறப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. மண்டப வாசலில் வனிதாவின் மாமியார் என் கையைப் பிடித்து, "வாம்மா, பஸ்ல கூட்டமா?" என்றார். நான் புன்னகைத்துத் தலையாட்டினேன். இன்னொரு கேள்வி. இன்னொரு தலையாட்டல். அவர் முகம் மாறியது. என் தோளைத் தட்டிக்கொடுத்து உள்ளே அழைத்துப்போய், நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் செய்தி பரவிவிட்டது. "பாவம், பேச்சு வராதாம்." பெண்கள் வந்து கையை வாயருகே குவித்து 'சாப்பிட்டியா' என்று சைகையில் கேட்டார்கள். நானும் சைகையில் பதில் சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரும் என்னை இரண்டாவது தடவை உற்றுப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு பெண்ணாக ஏற்றுக்கொள்ளப்பட நான் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் இருப்பதுதான் போலிருக்கிறது என்று நினைத்தபோது, அந்த நிம்மதி கொஞ்சம் கசந்தது.

வளையல் போட ஆரம்பித்தார்கள். வனிதா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஆரத்தித் தட்டைக் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஃபேன் காற்றில் அவள் முந்தானை அதன்மேல் போய்ப் போய் வந்தது. பார்த்தது நான் மட்டும்தான். எனக்கும் மேடைக்கும் நடுவே அத்தனை நாற்காலிகள், அத்தனை பெண்கள்.

எழுந்தேன். கத்தினேன்.

"வனிதா, முந்தானைடி, முந்தானை."

அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. லாரி மலை ஏறுகிற மாதிரி ஒரு குரல். மண்டபமே திரும்பியது. வனிதா முந்தானையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஜரிகை ஓரம் மட்டும் கருகியிருந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் நின்றபடியே இருந்தேன். உட்காரவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

மாமியார் வனிதாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வனிதா மேடையிலிருந்தே சொன்னாள்: "அத்தை, அவ என் கூடப் பொறந்தவ. முன்னாடி அண்ணனா இருந்தா. இப்ப அக்கா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"அது எங்களுக்குத் தெரியும்மா," என்றார் அவர். "பொண்ணு எடுக்கறப்ப விசாரிக்காமயா எடுப்போம்? இவளுக்குப் பேச்சு வராதுன்னுதான் யாருமே சொல்லலியேன்னு காலைல இருந்து மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு."

பிறகு என்னிடம் வந்தார். "பேசுவல்ல? அப்ப ஏன் சும்மா இருந்த? வா, வந்து தங்கச்சிக்கு வளையல் போடு."

போட்டேன். அவசரத்தில் இரண்டு உடைந்தன.

அடுத்த வாரம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குரல் பயிற்சி தரும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் செய்த சாதனைகளைக் கிசுகிசுவென்று சொன்னேன்.

"முதல்ல இந்தக் கிசுகிசுப்பை நிறுத்துங்க," என்றார் அவர். "ஓய்வுன்னா பேசாம இருக்கறது. செருமல் வந்தா ஒரு வாய் தண்ணி குடிச்சு முழுங்கிடுங்க. வலிச்சா பயிற்சியை அப்பவே விட்டுடணும்."

வீக்கம் வற்றிய பிறகு, வாயை மூடி 'ம்ம்' என்று முனகச் சொன்னார். அதிர்வு நெஞ்சில் வேண்டாம், உதட்டிலும் மூக்கடியிலும் தெரியட்டும் என்றார். அந்த அதிர்வை வைத்துக்கொண்டே ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம். "உயரம் கொஞ்சம் போதும். நீங்க கீச்சுனு பேசினா பொம்பள பேசற மாதிரி இல்ல, பயந்தவங்க பேசற மாதிரி இருக்கு."

நான் பயந்துதான் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாதங்கள் ஆயின. இப்போது என் குரல் மெல்லிசு இல்லை. கொஞ்சம் தழைந்த, வெதுவெதுப்பான குரல். மருந்துக்கடைக்காரர் தடுமாறுவதில்லை. வனிதாவின் மகள் நான் பாடினால்தான் சாப்பிடுவாள்.

சோளிங்கர் அத்தைக்கு மட்டும் அந்த நாள் இன்னும் முடியவில்லை. காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புதிதாக வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்துவார்.

"இது எங்க மருமகளோட அக்கா," என்பார். ஒரு நொடி நிறுத்திவிட்டு, கவலையே வேண்டாம் என்பதுபோலச் சேர்ப்பார்: "நல்லா பேசுவா."

வந்தவர்கள் இதை ஏன் தனியாகச் சொல்கிறார் என்று முழிப்பார்கள். நான் வணக்கம் சொல்லி நிரூபிப்பேன்.