கதவு திறந்திருந்தால்

"கதவைச் சாத்துடீ! ஊருக்கே ஏசி போடறியா?"

செத்துப்போய் ஐந்து மாதமான மனிதர் சமையலறையிலிருந்து கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனுக்குப் புரையேறியது.

அம்மா பதறவில்லை. மெதுவாக எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அதே குரல் அதே கோபத்தோடு இன்னொரு தடவை கத்தியது. அதற்கப்புறம்தான் பிரிட்ஜ் கதவை அழுத்திச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தானா திறந்துக்குதுடா," என்றாள் வந்து உட்கார்ந்து.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கமாட்டாமல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். வகுப்பில் மற்றவர்கள் திரையில் 'வணக்கம்' வரவழைத்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது, இவர் பிரிட்ஜ் கதவில் ஒரு சென்சாரை ஒட்டி, மேலே ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதில் தன் குரலைப் பதிவு செய்துவிட்டார். கதவு திறந்திருந்தால் திட்டு. திறந்திருக்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திட்டு. அம்மாவை நேரில் திட்டியது போக மிச்ச நேரத்துக்கும் ஏற்பாடு.

"செத்தாலும் இந்த மனுஷன் வாய் ஓயாது," என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். வாய்முகூர்த்தம், பலித்துவிட்டது.

பெட்டியைப் பிடுங்கி எறியலாமென்றால், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் அதிலேயே இணைத்திருந்தார். வயர்களின் மேல் பசையை ஊற்றிக் கல்லாக்கி வைத்திருந்தார். எந்த வயர் எங்கே போகிறது என்பது கடவுளுக்கும் அவருக்கும்தான் தெரியும். இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்.

போன மாதம் மகன் பிரிட்ஜ் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பினான்.

"வந்து பார்த்தாருடா. பிரிட்ஜ்ல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு," என்றாள் அம்மா.

அப்படியானால் கோளாறு புரோகிராமில்தான். மகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். கம்ப்யூட்டருக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அம்மாவை அந்தக் குரல் தினமும் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறதே என்று மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கே தாங்கவில்லை. குரல் கேட்டதும் அப்பா உள்ளே இருக்கிறார் என்று தோன்றும். அடுத்த நொடி, இல்லை என்று தெரியும். மறுபடி மறுபடி அவரைப் பறிகொடுத்துக்கொண்டே இருப்பதற்கு அவன் கல்லா என்ன?

அப்பா படித்த அதே மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தான். டீச்சர் சின்னப் பெண்.

"லூப்னா ஒண்ணுமில்லை சார். நிறுத்தச் சொல்ற வரைக்கும் செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யும்."

"எங்கப்பா மாதிரி."

"அவரும் இங்க உக்காந்து இதையேதான் சொன்னாரு சார். என்ன, உங்கம்மா மாதிரின்னாரு."

அரைகுறையாகக் கற்றதை வைத்துக்கொண்டு மகன் அப்பாவின் புரோகிராமில் கை வைத்தான். 'கதவு திறந்திருந்தால்' என்ற நிபந்தனைக்கு முன்னால் ஒரு 'இல்லை'யைச் சேர்த்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் திட்டாது என்பது அவன் கணக்கு.

பெட்டி, கதவு மூடியிருக்கும்போதெல்லாம் திட்ட ஆரம்பித்தது. திறந்தால் கப்சிப்.

"மூடி வச்சிருக்கும்போதே 'சாத்துடீ'ன்னா நான் எதைடா சாத்துறது?" என்று கேட்டாள் அம்மா. கேட்டவள் முகத்தில் எரிச்சலைக் காணோம். "உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான். ஞாயமே கிடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன அதிசயமோ, அது அப்படிக் கத்திய நாட்களில் கதவு தானாகத் திறந்துகொள்ளவே இல்லை.

மகன் 'இல்லை'யை எடுத்துவிட்டு வேறு வழி பார்த்தான். மூன்று தடவைக்கு மேல் திட்டாதே, எண்ணிக்கொள் என்று எழுதினான். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டச் சொல்ல மறந்துபோனான். நடுவே ஒரு நிமிஷம் காத்திரு என்ற வரியையும் கை தவறி அழித்திருந்தான். பெட்டிக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். மூச்சு விடாமல் கத்தியது. கத்துகிற மும்முரத்தில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அதற்கு நேரமில்லை. மோட்டார் பாட்டுக்கு ஓடியது.

பக்கத்து வீட்டு அம்மாள், காயப்போட்ட துணிகளை நனைந்தபடி அள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"யாருங்க அது, ஏசி ஏசின்னு உயிரை வாங்குறது? இங்க மழையே கொட்டுது!"

மகன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

"விட்டுடுடா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா.

"நீ படுற கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், எவ்வளவுதான் பொறுப்பாள் என்று நினைத்துக்கொண்டான் மகன்.

டீச்சர் புரோகிராமை முழுசாகப் படித்து மற்றதையெல்லாம் சரி செய்து கொடுத்தாள். "குரலைப் போடுற வரி இதுதான் சார். இதுக்கு முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டுடுங்க. கம்ப்யூட்டர் இதைப் படிக்காமத் தாண்டிப் போயிடும்."

"குரல் அழிஞ்சிடுமா?"

"அழியாது. உள்ளேயே இருக்கும். யாரும் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான்."

மகனின் விரல் தயங்கியது. மன்னிச்சுக்கப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டுப் போட்டான்.

வீடு அமைதியானது. தொட்டி நிரம்பினால் மோட்டார் ஒழுங்காக நின்றது. அவன் நிம்மதியாகக் கடைக்குப் போய்வந்தான். அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். சமையலறையே கதி என்று கிடந்தாள். பிரிட்ஜ் கதவோ முன்னைவிட மோசம், எப்போது பார்த்தாலும் திறந்தே கிடந்தது. பால் கெட்டது. காய்கறி வாடியது. தரையில் தண்ணீர் தேங்கியது.

"கதவைச் சாத்தக்கூடாதாம்மா?" என்று ஒருநாள் அவனே கத்திவிட்டான். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். கத்தியது இவன் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

 மறுநாளே மகன் மெக்கானிக்கைத் திரும்ப வரவழைத்தான்.

மெக்கானிக் பிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டு, கதவின் அடிக்கீலுக்குள் விரலை விட்டு, நாலாய் மடித்த ஒரு அட்டைத் துண்டை உருவினார். அம்மா எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இதுதான் சார் கதவைத் தள்ளிக்கிட்டே இருக்கு."

"போன தடவை வந்தீங்களே, அப்ப இது உங்க கண்ணுல படலையா?" என்று மகன் எரிந்து விழுந்தான்.

மெக்கானிக் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பட்டுச்சு சார், எடுத்தும் போட்டேன். அம்மாதான் மறுபடி அங்கேயே சொருகச் சொன்னாங்க... 'அது இல்லேன்னா அவரு என்னைத் திட்ட மாட்டாரேப்பா'ன்னு."