கனடா மாப்பிள்ளைக்கு ஒரு பம்ப்

"இத்துனூண்டு பம்ப்பா? கையிலயே தூக்கிட்டு வந்திருக்கே!" முகம் சுளித்தார் புவனேஸ்வரன்.

"அண்ணே, ஒரு ஹாலுக்கு இது போதும்லா. டைல்ஸுக்கு அடியில சுடுதண்ணி மெதுவா சுத்தி வரணும், அவ்ளோதான்" என்றார் காண்ட்ரேக்டர் சூசை.

"பினாங்கு வெயில்ல எந்தக் கிறுக்கனாவது தரைக்குச் சூடு போடுவானா?" அடுப்படியிலிருந்து மனைவி ருக்குமணி கத்தினார்.

போட்டாக வேண்டுமே! கனடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கிஷன், ஞாயிற்றுக்கிழமை மகள் குமுதாவைப் பெண் பார்க்க வருகிறார். அங்கே வீட்டுத் தரையெல்லாம் கதகதப்பாக இருக்குமாம். இங்கே மட்டும் ஜில்லென்று இருந்தால் அவர் என்ன நினைப்பார்? 'என் மக கனடா போறா' என்று ஜெலுத்தோங் பாசாரில், சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இந்தச் சம்பந்தம் கைநழுவினால் மீன் வாங்கக்கூட அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"அடுக்குமாடிக்குத் தண்ணி ஏத்துற பம்ப் போடு" என்றார் புவனேஸ்வரன்.

போட்டார்கள். ஹால் லாரி மாதிரி உறுமியது. சூசை வால்வைப் பாதி மூடினார். உறுமல் போய் விசில் வந்தது.

"தொறந்து விடுலா! பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான்!" என்று அலறினார் புவனேஸ்வரன்.

முழுசாகத் திறந்ததும் தரை கொதித்தது. புவனேஸ்வரன் ஏர்கோனைப் பதினாறு டிகிரிக்கு இறக்கிவைத்தார். தண்ணீர் ஹீட்டரைக் கவனிக்கச் சூசை சுவரில் மாட்டியிருந்த தானியங்கிப் பெட்டி, பாவம், வீடு குளிர்கிறதென்று நினைத்து ஹீட்டரை இன்னும் ஏற்றிவிட்டது.

"அப்பா, பேசாம எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்களேன்" என்றாள் குமுதா.

"கனடா போறவ பேசற பேச்சா இது?"

ஞாயிறன்று வந்தவர்கள், வழக்கப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா இரண்டடி நடந்தார், மூன்றாவது அடியில் குதித்தார். அம்மா ஓடிப்போய் சோபாவில் ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று புவனேஸ்வரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கிஷன் மட்டும் அசையவில்லை. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குமுதா டீத் தட்டுடன் நின்றது அவர் கண்ணில் படவே இல்லை.

"அம்மா, எனக்குப் புடிச்சிருக்கு!"

புவனேஸ்வரனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா ருக்கு? பெரிய பம்ப்பு ஜெயிச்சிருச்சு!"

சோபாவில் இருந்தபடியே மாப்பிள்ளையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி! அந்தப் பனி தாங்காம இவன் எப்பவோ வேலைய விட்டுட்டு வந்துட்டான்லா. இனிமே கனடாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டோட மாப்பிள்ளையா இங்கேயே இருந்துக்கட்டும்!"