தொழில்: கூலி, அதுவும் ஒழுங்காக இல்லை

எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. மூன்று பேருக்கு முன்னாலும் வராது. (ஒருவர் என்றால், அவர் கொண்டுவந்த மிசினைப் பார்த்துக்கொண்டு பேசிச் சமாளிப்பேன்.) இந்தக் குறையால் யாருக்கும் நட்டமில்லை என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். பிறகுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய உதவியை, அதிகம் பேசாமலே, ஒரே முற்பகலில் திருப்பி அனுப்பிவைத்தேன்.

நான் மல்லாவிப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துகிறவன். முற்றத்தில் இருக்கும் தகரக் கொட்டில்தான் என் பட்டறை. படித்தது பத்தாம் ஆண்டு வரை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல எழும்ப வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

என் மகள் நிரோசா அப்போது எட்டாம் ஆண்டு. வகுப்பாசிரியை கலா ரீச்சர் ஒருநாள், 'எதிர்காலத்தில் என்ன தொழில் செய்ய விருப்பம்?' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் டொக்டர். மிச்சம் ரீச்சர். ஒருவன் 'வெளிநாடு' என்று எழுதியிருந்தான். நிரோசா வெறும் தாளைக் கொடுத்தாள்.

"ஏன் பிள்ளை ஒண்டும் எழுதேல்லை?"

"நான் ரெண்டு மூண்டு வேலைதான் ரீச்சர் கண்ணால கண்டிருக்கிறன். காணாததை எப்பிடி எழுதுறது?"

ரீச்சர் அந்த வெறும் தாளையும் இணைத்து ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் மாதத்தில் ஒருநாள் தொழில் பார்க்கப் போகவேண்டும். முதலில் ஊரில் தொழில் செய்கிறவர்களோடு நின்று பழகுவது. பிறகு வான் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய் ஆய்வுகூடம், நீதிமன்றம், நில அளவை அலுவலகம் எல்லாம் பார்ப்பது. வானுக்கும் சாப்பாட்டுக்கும் மற்றச் சாமான்களுக்கும் நிறுவனம் தரச் சம்மதித்தது. நிபந்தனை ஒன்றுதான். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஊரில் பத்துப் பேராவது தொழில் செய்கிறார்கள் என்று ஓர் அலுவலர் வீடு வீடாக வந்து பார்த்துப் படிவம் நிரப்புவார்.

அன்றிலிருந்து நிரோசாவின் வாயில் நில அளவை அலுவலகம்தான். மூன்று காலில் ஒரு குழாயை நிறுத்தி, அதற்குள்ளால் பார்த்தே காணியை அளந்துவிடுவார்களாம். அதற்குள்ளால் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதும் சொன்னாள், பாடம் படிக்கும்போதும் சொன்னாள்.

பத்துப் பேரின் பெயரை ரீச்சரும் நானும் எழுதினோம். முதல் பெயர் தையல் தைக்கும் சறோ அக்கா. கடைசிப் பெயர் நான். மற்றவர்களிடம் போய் விடயத்தைச் சொல்வது செயலாளரின் வேலை.

"வடிவா விளங்கப்படுத்துங்கோ அண்ணை. ஏன், எதுக்கு எண்டு சொல்லுங்கோ" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்."

சைக்கிளில் போகும்போதே சொல்லிப் பழகினேன். 'எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை முன்னிட்டு' என்று தொடக்கம். நன்றாகத்தான் இருந்தது. (கேட்டது இரண்டு மாடுகள்.) சறோ அக்காவின் படலையில் இறங்கினேன். அவர் வெளியே வந்தார். எனக்கு எதிர்காலம் மறந்துபோனது.

"நாளைக்கு வாகனம் வருது அக்கா. போம் நிரப்புவினம். வீட்டில நில்லுங்கோ."

"எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு."

"சரி தம்பி, நீர் யோசியாதையும். நான் பாக்கிறன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மிச்ச எட்டுப் படலைகளிலும் அதே மூன்று வசனங்களைச் சொல்லிவிட்டு, வேலை சுலபமாக முடிந்ததே என்று சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மூன்று வசனங்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. போருக்குப் பிறகு இருந்த முகாமிலும், திரும்பி வந்து தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்த காலத்திலும் வாகனம் வரும், படிவம் நிரப்புவார்கள், 'தொழில்?' என்று கேட்பார்கள். தொழில் இருக்கிறது என்று சொன்னவனின் பெயர் பட்டியலில் வராது. அவனுக்கு வரவேண்டிய கூரைத் தகரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஊர் முழுக்க ஒரே பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தது. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. படிவத்துக்கு அப்படித்தான் பதில் சொல்வது.

அடுத்த நாள் பத்து மணிக்கு வெள்ளை வாகனம் வந்தது. வவுனியாவிலிருந்து வந்த அலுவலர் ஓர் இளம் பெண். கலா ரீச்சர் முன்னால் போனார். வழிகாட்ட நிரோசா போனாள். நான் ஐந்தடி பின்னால் போனேன்.

சறோ அக்காவின் விறாந்தையில் எந்நேரமும் நிற்கும் இரண்டு தையல் மிசின்களையும் காணவில்லை. அவர் ஒரு வெளுத்த சட்டையோடு பாயில் இருந்தார்.

"என்ன தொழில் அக்கா செய்யிறீங்கள்?"

"தொழிலோ? எனக்கு ஆர் பிள்ளை தொழில் தரப்போகினம்? கூலிக்குப் போறனான். அதுவும் ஒழுங்கா இல்லை."

கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் தைக்கிறனீங்கள்தானே?" என்றார் ரீச்சர். "நான் போட்டிருக்கிற இந்தச் சட்டையும் நீங்கள் தைச்சதுதானே?"

"ஐயோ ரீச்சர், அது சும்மா கையால பொத்தித் தந்தனான்."

அலுவலர் எழுதிக்கொண்டார். ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, 'அக்கா, இது நிவாரணம் இல்லை' என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் கோடியில் நின்ற முருங்கையைப் பார்த்தேன்.

மேசன் தவம் காலில் துணி சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். பின்னால் பாதி கட்டிய மதில்.

"இது ஆர் ஐயா கட்டினது?"

"அது முந்தியே இருந்தது பிள்ளை."

சீமெந்து இன்னும் காயவில்லை.

இப்படியே ஒன்பது வீடுகள் முடிந்தன. ஒன்பதிலும் கூலி, ஒன்பதிலும் ஒழுங்காக இல்லை. "இப்பிடிக் கஷ்டப்பட்ட ஊரை நான் இன்னும் காணேல்லை" என்று அலுவலர் கண் கலங்கினார்.

என் படலைக்கு வந்ததும் ரீச்சர் என் காதருகில், "அண்ணை, நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கோ. ஒரு வீடு சரியா வந்தால் காணும், மிச்சத்தை நான் கதைச்சு எடுப்பன்" என்றார். நிரோசா பள்ளிக்கூடச் சட்டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

கொட்டிலில் ஒரு மிசின் கழற்றியபடி கிடந்தது. என் கை முழங்கைவரை ஒயில். எதிரே மூன்று பேர். குசினி வாசலில் மனைவி உதயா, நாலு பேர்.

"அண்ணா, உங்கட தொழில்?"

மிசின் திருத்துகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

"கூலி" என்றேன். "அதுவும் ஒழுங்கா இல்லை."

அதோடு நிற்காமல் என் வலது கால் தானாகப் போய், பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து மிசினை மூடியது. அந்த நேரம் பார்த்து ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தினார்.

"சிவம் அண்ணை! என்ர மிசின் சரியோ?"

"எந்த மிசின்?"

"நேத்து நீங்கள் கழட்டின மிசின்!"

"நீங்கள் வீடு மாறி வந்திட்டியள் போல."

"உங்கட பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டனான்? உங்களுக்கு என்ன, வெயில் அடிச்சிட்டுதோ?"

"அப்பா" என்றாள் நிரோசா. அவ்வளவுதான்.

ரீச்சர் அன்று பின்னேரமே நடந்ததை விளக்கி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கிழமையில் பதில் வந்தது. படிவத்தின்படி கிராமத்தில் தொழில் புரிவோர் இல்லாத காரணத்தால் மாணவர் திட்டத்துக்கு நிதி வழங்க முடியாது. ஆனால் மக்களின் நிலையைக் கருதி வேறு உதவி பரிசீலிக்கப்படும். மூன்று மாதம் கழித்து ஒரு லொறி வந்து, பட்டியலில் இருந்த பத்து வீடுகளிலும் வீட்டுக்குப் பத்துக் கோழிக்குஞ்சுகளை இறக்கிவிட்டுப் போனது.

"நீர் சொன்னபடியால்தான் கிடைச்சது தம்பி" என்று சறோ அக்கா எனக்கு நன்றி சொன்னார். தவத்தின் கால் சுகமாகிவிட்டது. நிரோசா குஞ்சுகளுக்குக் கிட்டவும் போகவில்லை.

கலா ரீச்சர் என்னை ஏசவில்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். "வான் இல்லாட்டி நடந்து பாப்பம். அண்ணை, உங்கட கூலி வேலையைக் கொஞ்சம் காட்டுங்கோ" என்றார். நான் மிசினைப் பார்த்தபடி அதற்கே பாடம் எடுத்தேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு சறோ அக்காவிடமும் தவத்திடமும் போனார்கள். ஊருக்குள் நடந்து பார்க்கக்கூடிய தொழில்களை எல்லாம் அந்த வருடம் பார்த்து முடித்தார்கள். கிளிநொச்சிக்கு நடக்க முடியாது. நில அளவைக் குழாய்க்குள்ளால் நிரோசா பார்க்கவேயில்லை.

பத்து வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரை எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும், "கூலி, அதுவும் ஒழுங்கா இல்லை" என்றுதான் பதில் வரும். தேங்காய் துருவச் சொன்னாலும் அதுதான். அந்தக் குஞ்சுகளின் பரம்பரையில் வந்த ஒரு சேவல் முற்றத்தில் நிற்கிறது. ஆட்களைக் கண்டால் கத்தாமல் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். உதயா அதற்குச் 'செயலாளர்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நிரோசா இப்போது வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்கும் வேலை செய்கிறாள். 'தொழில்?' என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பதில்லையாம், கையைப் பார்ப்பாளாம். போன மாதம் எங்கள் ஊரின் முறை வந்தது. படலையைத் திறந்து வந்து, எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்து, முன்பின் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ஐயா, உங்கட தொழில்?"

"கூலி!" என்று குசினிக்குள் இருந்து உதயா கத்தினாள். "அதுவும்..."

"உங்களைக் கேக்கேல்லை அம்மா."

நான் தொண்டையைச் செருமினேன். "மிசின் திருத்துறனான்" என்றேன். தெளிவாக, அவளுடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவள் எழுதினாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"அப்பா, சாக்கில இருந்து காலை எடுங்கோ."