அது மருந்து இல்லீங்க, பழம்!

செடி வளர்ப்பவன் கெட்டுப்போக மாட்டான் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். அவனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு செடி வளர்த்த பாவத்துக்கு, இரண்டு குடும்பம் சேர்ந்து என்னை மந்திரவாதி ஆக்கிவிட்டார்கள்.

அதிசயப் பழச் செடி என்று அதற்குப் பெயர். அழகுக்கும் ஆச்சு, தின்னப் பழமும் ஆச்சு, நிழலே போதும் என்று நர்சரிக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். சிவப்பாக, காப்பிப் பழம் அளவில் காய்க்கும். ஒன்றைச் சப்பிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு எந்தப் புளிப்பும் தித்திக்கும். ஆனால் கள்ளக்குறிச்சியில் எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றிய மாதமே இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. புளிப்பு மண்தான் வேண்டுமாம், துரைக்கு! வெள்ளிமலைக்குப் போய், பலா மரத்தடி இலைமக்கை இரண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். ("மலைல இருந்து தேன் எடுத்தாருவாங்க, நீ இன்னா சார் குப்பைய தூக்கிக்கினு வர்ற?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.) மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றி, மாட்டுக்கொட்டகை நிழலில் மூன்று வருஷம் காத்தேன். காய்த்தது எட்டே எட்டுப் பழம்.

அந்த வாரம்தான் தங்கை செல்வியைப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தார்கள். மூன்று இடம் தட்டிப்போய் இது நான்காவது. செல்விக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டு காப்பி கொடுத்திருக்கலாம். எட்டுப் பழத்தையும் தட்டில் வைத்து, "வாய்ல போட்டு சப்புங்க, ஒரு வேடிக்க காட்டறேன்" என்று நீட்டினேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா என்று ஆளுக்கு இரண்டு மூன்றாகத் தின்று தீர்த்தார்கள். அடுத்தது எலுமிச்சம்பழம். கத்தியை எடுத்ததுதான் தாமதம், எங்கள் அப்பா என்னை உள்ளே இழுத்துப் போனார்.

"இன்னாடா பண்ற? நல்ல காரியம் பேசிக்கினு இருக்கறப்ப நடு வூட்ல எலுமிச்சம்பழம் அறுக்குறியே, இன்னா நெனைப்பாங்க?"

வேடிக்கை அத்தோடு நின்றது. விஷயத்தை வாயாலாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று இளித்துக்கொண்டு நின்றேன், மடையன். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கக்கூடாது என்று அவர்கள் சாப்பிடாமலே காரில் கிளம்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன்.

"வூட்டுக்கு வந்து புளிக்கொழம்பு ஊத்திக்கினா பாயசமா இருக்குது! மோரு தித்திக்குது, ஊறுகா தித்திக்குது! எம்புள்ளைய மயக்க மருந்து வெச்சிட்டீங்களே, பாவிங்களா! உங்க பொண்ணு எங்களுக்கு வாணாம்!"

தின்பண்டத்தில் கலந்து கொடுத்து ஆளை வசியம் பண்ணுவார்களே, அந்த மருந்து! நானா? ஒரு செடிக்கு உரம் வைக்கவே மூன்று பேரிடம் யோசனை கேட்பவன் நான்.

"அது மருந்து இல்லீங்க, பழம்!" என்று கத்தினேன்.

"பழத்துலதான்டா வெச்சிருக்க!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். செல்வி என் முகத்தையே பார்க்கவில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் செடியைத் தொட்டியோடு வண்டியில் கட்டிக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்கே போனேன். முழுக்கதையையும் சொன்னேன். அந்த அம்மா செடியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பழம் எங்க?" என்றார். எட்டையும் தின்றது யார், நானா? அதற்குள் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"பழமோ மருந்தோ, எனக்கு அந்தப் பொண்ணையே கட்டி வெச்சிடுங்க."

"பாத்தியா, ஏறிடுச்சு!" என்று அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பிடிவாதத்தில் கல்யாணம் நடந்தது. செடி அங்கேயே தங்கிவிட்டது. இன்றும் செல்வி சொன்னதற்கு அவர் தலையாட்டினால், "மச்சான் மருந்து இன்னும் எறங்கல" என்று வீடே சிரிக்கும். அந்த அம்மாவுக்கு இப்போது சர்க்கரை வியாதி. செடியை வெயில் படாமல் பொத்திப் பொத்தி வளர்க்கிறார். காய்க்கும் காலத்தில் தினம் ஒரு பழம் சப்பிவிட்டு, சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றை ரசித்துக் குடிக்கிறார். மண் சுமந்தவன் நான்; போன மாதம் ஒரே ஒரு பழம் கேட்டேன்.

"வெச்ச ஆளுக்கு எதுக்குப்பா மருந்து?" என்று பழத்தட்டை முந்தானையால் மூடிக்கொண்டார்.