வண்டி விற்பனைக்கு, உங்களுக்கு இல்லை

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களிடம் ஊரே கூடி ஒரே எச்சரிக்கையைத்தான் சொல்லும்: விற்கிறவன் குறையை மறைப்பான், ஜாக்கிரதை. நான் சொல்லப்போகும் பிராணி வேறு. இவர் குறையை மறைப்பதில்லை. இல்லாத குறையையும் சேர்த்துச் சொல்வார். விளம்பரம் கொடுப்பார், வருகிறவர்களை வாசல்வரை வந்து வரவேற்பார், காபி கொடுப்பார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுப்பார், வண்டியின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் கண்கலங்கச் சொல்வார். வண்டியை மட்டும் கொடுக்க மாட்டார். விற்க மனமில்லாத விற்பனையாளர் என்று இந்த இனத்துக்குப் பெயர். மணிலாவுக்கு வடக்கே எங்கள் மலோலோஸ் ஊரில், எங்கள் தெருவில் இருந்தவர் டோல்ஃபோ அண்ணன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவன் நான். அவரிடம் வண்டி கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய அத்தனை பேரும் என் கடையில்தான் கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையின் குளிர்ந்த சாறு வாங்கிக் குடித்துத் தெளிந்தார்கள். அவர் விளம்பரம் கொடுத்த வருஷம் எனக்கு நல்ல வருஷம்.

டோல்ஃபோ மணிலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தலை நரைக்கிறவரை தினமும் வடக்கு விரைவுச்சாலையில் அந்த நீல வண்டியிலேயே போய் வந்தவர். நானூறு சிசிக்குக் குறைந்த வண்டியை அந்தச் சாலையின் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது கச்சிதமாக நானூறு. முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு வண்டியின் பாரத்தை அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள் வாசலிலேயே வண்டியோடு சாய்ந்தார். அன்றைக்கே அவர் மனைவி பெர்பெத்துவா அக்கா தீர்ப்புச் சொன்னார்: வண்டி போகணும். அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வது ஒரு வேலை, விற்பது வேறு வேலை அல்லவா? வாங்க வருகிறவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியைக் கூடத்துக்குள் உருட்டி வந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சோபா சமையலறைக்குப் போனது. அந்தச் சோபாவில் உட்கார்ந்து விடியும் முன்பே வானொலியில் போக்குவரத்து நிலவரம் கேட்பார், எந்த இடத்துக்கும் போக வேண்டியில்லாத அந்த மனிதர்.

வந்தவர்களை அவர் தள்ளிய விதம் இருக்கிறதே! ஒரு வங்கி ஊழியர் வந்தார். "ஷூ இவ்ளோ பளபளன்னு இருக்கு, செயினுக்கு எண்ணெ போடற கை இல்ல இது" என்று தள்ளினார். ஓர் இளைஞன் சைலென்சர் சத்தத்தைக் கூட்ட முடியுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான்; அவனுக்கு ரொட்டிகூடக் கிடைக்கவில்லை. பாதிரியார் ஒருவர் வந்தார். "சாமி, உங்களுக்கு மேல பாத்தே பழக்கம். இதுக்கு ரோட்டைப் பாக்கணும்." பேரம் பேசாதவனுக்குப் பொருளின் அருமை தெரியாது. பேரம் பேசுகிறவன் நாளைக்குப் பிரேக் கட்டைக்கும் பேரம் பேசுவான். இருவருக்கும் நடுவில் ஒரு மனிதன் உண்டா? இல்லை. அதுதான் அவருக்கு நிம்மதி.

"இன்னிக்கு என்னாச்சு?" என்பார் அக்கா.

"ஆளு சரியில்ல."

"வண்டி விக்கிறீங்களா, மருமகன் தேடறீங்களா?"

இப்படி இருக்கும்போதுதான் ஜோவெலின் என்ற பெண் வந்தாள். என் கடையில்தான் வழி கேட்டாள். கேசோன் நகரத்தில் ஏதோ வானொலி நிலையத்தில் வேலை என்றாள். கணக்கு எழுதுவாளாக்கும் என்று நினைத்தேன். தினமும் பேருந்தில் நின்றுகொண்டே போகிறாள். தாமதமாகிறது. இனி ஒருதரம் தாமதித்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். கையில் இருக்கும் காசுக்கு எங்கெங்கோ தேடியிருக்கிறாள். ஒரு வண்டி மலிவு, ஆனால் திருட்டு வண்டிபோல எஞ்சினில் பொறித்த நம்பரை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். இன்னொன்றில் ஏறினால் கால் தரையைத் தொடவில்லை. மூன்றாவது, பெட்ரோல் போட்டே சம்பளத்தைத் தின்றுவிடும் பெரிய வண்டி. "இதாவது அமையணும் அண்ணே" என்றாள். நான் கலமான்சிப் பழத்தை எடுத்து வைத்தேன். எப்படியும் திரும்பி வருவாள்.

ஆனால் அவள் வேறு ரகம். கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றும் வேலை இல்லை. கைப்பிடி முனைகளில் வண்டி கீழே விழுந்து தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்த்தாள். சாவியைப் போட்டதும் ஒரே உதையில், இல்லை, ஒரே பொத்தானில் வண்டி முனகிக்கொண்டு எழுந்தது. புகை இல்லை. அண்ணன் முகத்தில் கவலை.

"டயரு பழசும்மா."

"பக்கத்துல தேதி போட்டிருக்கே ஐயா. போன வருஷத்து டயரு."

"செயின் இழுக்கும்."

"இழுக்கலயே."

"பெட்ரோல் தண்ணியா குடிக்கும்."

"நீங்க ஒரே சீரா ஓட்டியிருக்கீங்க, பாத்தாலே தெரியுது. நானும் அப்படித்தான் ஓட்டுவேன்."

அண்ணன் தவித்துப் போனார். "மழை நாள்ல அதுக்கு மனசு சரியிருக்காது."

"யாருக்கு?"

"வண்டிக்கு."

அவள் சிரித்துவிட்டு, விளம்பரத்தில் போட்ட விலையை எடுத்து நீட்டினாள். அது பழைய விலை என்றார். சரி என்று ஏற்றிக் கொடுத்தாள். பாகியோவில் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் வந்தாள். பதிவுப் பத்திரத்தைக் காணோம் என்றார். சமையலறையிலிருந்து அக்கா பத்திரத்தோடு வந்தார். "அரிசி டின்னுக்கு அடியில இருந்துது. எலியா வெச்சுது?" என்றவர், வாசலுக்கு வந்து என்னையும் கூப்பிட்டார். "ரெனி தம்பி, வா. வந்து சாட்சியா நில்லு. இன்னிக்கு ஒண்ணு வண்டி போவுது, இல்ல நான் போறேன்."

போனேன். அண்ணன் ஒரு துணியை வைத்துத் துடைத்த டாங்கையே மறுபடி துடைத்துக்கொண்டு, "கை சின்னதா இருக்கேம்மா, கிளட்ச் எட்டுமா?" என்று ஆரம்பித்தார்.

ஜோவெலினுக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் கத்தவில்லை. நிமிர்ந்து நின்றாள், தொண்டையைச் சரிசெய்தாள், எங்கிருந்தோ வேறொரு குரல் வந்தது. தேன் தடவின குரல்.

"வணக்கம் நேயர்களே, இப்போதைய நிலவரம். மலோலோஸ்லேர்ந்து பாலின்தவாக் வரைக்கும் பாதை முழுசா அடைப்பு. காரணம், ஒரு பெரியவர் நடுவுல வண்டிய நிறுத்திட்டு நகர மாட்டேங்கறாரு. மாற்று வழி எதுவும் இல்ல."

துணி கீழே விழுந்தது.

"விடியக்காலம் பேசற பொண்ணு நீதானா?"

"ஆமா."

மனம் இளகிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? சண்டைக்குப் போனார் மனிதர். "போன மாசம் ஒரு செவ்வாக்கெழம மெய்காவாயன் கிட்ட ஒரு நெரிசலும் இல்லேன்னியே! அங்க லாரி கவுந்து கெடந்துதே!"

"ஐயோ, நீங்க அதுல மாட்டிக்கிட்டீங்களா ஐயா?"

அண்ணன் அவசரமாகக் குனிந்து துணியை எடுத்தார்.

"மாட்டிக்கிட்டாரு, மாட்டிக்கிட்டாரு" என்றார் அக்கா. "சமையக்கட்டு சோபாவுல."

யாரும் சிரிக்கவில்லை. ஜோவெலின்தான் மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு நான் பேசல ஐயா. அந்த லாரிக்குப் பின்னாடி பஸ்ல நின்னுட்டிருந்தேன். நான் போய்ச் சேரல. ரோடே தெரியாத ஒருத்தர எனக்குப் பதிலா ஒக்கார வெச்சு முந்தின நாள் காகிதத்தப் படிக்கச் சொன்னாங்க."

"கொரலு மாறியிருந்துது" என்றார் அண்ணன், தனக்குத்தானே. "சளின்னு நெனச்சேன்."

துணியை மடித்து வண்டியின் இருக்கைமேல் வைத்தார். தான் இத்தனை காலம் ஓடிய சாலையைப் பற்றி, சாலையைக் கண்ணால் பார்க்காத ஒருத்தி காலங்காலையில் பொய் சொல்கிறாள். அது அவரை எங்கோ குத்தியிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஏற்றிய விலையைத் திருப்பி இறக்கினார்.

"ரெண்டாவது கியரு கொஞ்சம் கெட்டி. அழுத்திப் போடணும்" என்றார். பிறகு, "இது மட்டும் நெசம்" என்றார்.

அவள் ஓட்டிக்கொண்டு போனபோது அண்ணன் நொண்டிக்கொண்டே தெருமுனை வரை போய், சத்தம் தேய்ந்து மறையும்வரை அங்கேயே நின்றார். அக்காவும் நானும் சோபாவைக் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அவர் திரும்பி வந்து அதில் உட்கார்ந்தார், எழுந்தார், வண்டி நின்ற இடத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைச் சுற்றி நடந்தார். துடைக்கப்போன அக்கா என்ன நினைத்தாரோ, துடைக்காமல் வந்துவிட்டார்.

ஜோவெலினின் வேலை தங்கியது. அதற்குப் பிறகு அவள் நிலவரம் சொல்லும்போது அண்ணன் எதிர்த்துப் பேசுவதில்லை. "நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுது" என்று என் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எல்லாம் நலம், கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் அவர் வீட்டுக் கதவில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது: ஹெல்மெட் விற்பனைக்கு. முதல் ஆளாக ஒரு தபால்காரர் உள்ளே போனார். திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து, "என் தலை கொஞ்சம் சதுரமா இருக்காமே, அப்படியா?" என்று கேட்டார். நான் கலமான்சியைப் பிழிந்தேன்.

இதெல்லாம் டோல்ஃபோவைப் பற்றித்தான். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விற்றுவிடலாம் என்று நீங்கள் எடுத்து வைத்து, வருஷம்தோறும் தூசி தட்டி, கேட்டு வந்த நாலு பேரிடமும் ஏதோ ஒன்று பிடிக்காமல்போய் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கிற அந்தச் சாமான், சரியான ஆள் வராததால்தானே இருக்கிறது? கவலை வேண்டாம், நானே வருகிறேன். சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். என்ன, நான் அதற்குச் சரிப்பட்டு வருவேனா என்று யோசிக்கிறீர்களா?